டெக்சஸ் நாய், பாஸ்டன் வீடு: லாரியா, காரா, விமானமா?

அமெரிக்காவில் காப்பக நாய்களின் பயணம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடக்கிறது. டெக்சஸ், லூயிசியானா, ஜார்ஜியா, கரோலினா மாநிலங்களின் காப்பகங்களில் கூண்டுகள் நிரம்பி வழிகின்றன. இடமில்லாத வாரங்களில் நல்ல நாய்களும் கருணைக்கொலைப் பட்டியலில் ஏறிவிடுகின்றன. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மினசோட்டா பக்கம் நிலைமை நேர்மாறு. அங்கே கருத்தடை பல ஆண்டுகளாக வேரூன்றிவிட்டது. தத்தெடுக்க ஆள் இருக்கிறார்கள், குடும்பத்துக்கு ஏற்ற நாய்தான் குறைவு. பூனைகளுக்கும் இதே கதைதான். குளிர் குறைந்த தெற்கில் அவை ஆண்டின் பெரும்பகுதி குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே பாஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், பிள்ளைகளின் ஓராண்டுக் கெஞ்சலுக்கு இணங்கி, இணையத்தில் ஒரு நாயின் படத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தால், அந்த நாய் ஹூஸ்டனில் இருக்க வாய்ப்பு அதிகம். ஹூஸ்டனிலிருந்து பாஸ்டன் சாலை வழியாக ஏறக்குறைய 1,850 மைல், அதாவது 3,000 கிலோமீட்டர். எப்படிக் கொண்டுவருவது? தன்னார்வ லாரி ஓட்டுநர்கள், கை மாற்றிக் கை மாற்றிக் காரில் கொண்டுவரும் தன்னார்வலர்கள், சிறு விமானம் வைத்திருக்கும் விமானிகள், பணம் வாங்கும் வேன்காரர்கள், விமான நிறுவனங்கள், கடைசியாக நீங்களே போய் அழைத்து வருவது என்று வழிகள் பல.

இந்தக் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பவை இரண்டு: எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும். நான் வார இறுதிகளில் இப்படிப்பட்ட நாய்களைக் காரில் சிறிது தூரம் கொண்டுபோய் விடுகிறவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, வழியில் எத்தனை கை மாறும் என்பது. நாய் ஓடிப்போவது வண்டி ஓடும்போது நடப்பதில்லை. ஒருவர் கதவைத் திறந்து இன்னொருவரிடம் கயிற்றைக் கொடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது. பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டால், வாகன நிறுத்தத்துக்கு அப்பால் நெடுஞ்சாலைதான். தவிர, ஒவ்வொரு புதுக் கையும் நாய்க்குப் புது வாசனை, புதுக் குரல், புது அச்சம். நான்கு நாள் ஒரே மனிதரோடு போகும் நாய், ஒன்றரை நாளில் இருபது மனிதர்களைக் கடந்து வரும் நாயைவிட நிம்மதியாக வந்து சேர்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் லாரி முன்னுக்கு வருகிறது. ஆனால் லாரிக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு.

லாரி என்றதும் பலரும் பின்னால் இழுத்துவரும் 53 அடிப் பெட்டிக்குள் கூண்டுகளை அடுக்கியிருப்பதாகக் கற்பனை செய்கிறார்கள். அப்படி இல்லை. நாய் ஓட்டுநரோடு முன் கேபினில் வருகிறது. நெடுந்தூர லாரிகளில் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறிய படுக்கையறை உண்டு. கூண்டை அங்கே வைத்துக் கட்டிவிடுவார்கள். பின்னால் இருப்பது காகிதச் சுருளாகவோ, உறைந்த கோழியாகவோ, கார் உதிரிபாகமாகவோ இருக்கலாம். நாய்க்காக அந்த லாரி எங்கும் போவதில்லை. சரக்கு போகிற வழியில் நாயும் போகிறது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே விலங்குதான்.

இந்த ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது கத்ரீனா புயல். 2005 ஆகஸ்ட் கடைசியில் அது நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். விட்டுவிட்டு வரச்செய்யப்பட்டவர்களும் ஏராளம். அதன் விளைவாகப் பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. சட்டம் வருவதற்கு முன்பே, 2005இல், டெக்சஸைச் சேர்ந்த சூ வீஸ் என்ற பெண் லாரி ஓட்டுநர் ‘ஆபரேஷன் ரோஜர்’ என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார். எப்படியும் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறோம், பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது என்ற எளிய கணக்குதான். லாரி ஊருக்குள் நுழைய முடியாது என்பதால், நாயை வீட்டிலிருந்து லாரி நிறுத்தத்துக்குக் கொண்டுவரும் கார்க்காரர்கள், ஒரு லாரி இறக்கிவிட்டு அடுத்த லாரி வரும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்று இரண்டு துணைப் பணிகளும் இதனோடு சேர்ந்து வளர்ந்தன. இந்த இரண்டு வகையினரும் இல்லையென்றால் லாரி ஓட்டுநரின் நல்ல மனத்தால் பயன் பாதிதான்.

ஓட்டுநர்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் வீடு பாராத வேலை அது. கேபினில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய் இருப்பது அவர்களுக்கும் நல்லது; இரவில் கதவருகே யார் வந்தாலும் குரல் கொடுக்கும். கொண்டுபோய் விடுவதற்காக ஏற்றிய நாயைப் பிரிய மனமில்லாமல் தாமே வைத்துக்கொண்ட ஓட்டுநர்களின் கதைகள் இந்த வட்டாரத்தில் உலவுவதுண்டு. தத்தெடுக்கக் காத்திருந்த குடும்பத்துக்கு அது சிரிப்பான செய்தியாக இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இனிப் பிடிவாதங்கள். நாய் எந்த ஊருக்குப் போக முடியும் என்பதைச் சரக்குச் சந்தை தீர்மானிக்கிறது. மெக்சிகோ எல்லையில் உள்ள லரேடோ நகரம் லாரிச் சரக்குக்கு மிகப் பெரிய நுழைவாயில். அங்கிருந்து 35ஆம் எண் நெடுஞ்சாலை டாலஸ், ஓக்லஹோமா, கன்சஸ் சிட்டி வழியாக மினசோட்டா வரை நேராக ஏறுகிறது. அந்தச் சாலையில் வடக்கே போகும் லாரிக்குப் பஞ்சமே இல்லை. டெக்சஸ் நாய்க்கு மினியாபொலிஸில் வீடு கிடைத்தால், லாரியைத் தவிர வேறொன்றை யோசிக்கவே வேண்டாம் என்பேன். பாஸ்டன் அப்படி இல்லை. அது இருக்கும் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து வாங்கித் தின்னும் பகுதி; அங்கே இறக்குவதற்குச் சரக்கு உண்டு, அங்கிருந்து ஏற்றிவர நல்ல வாடகைக்குச் சரக்கு குறைவு. காலி வண்டியோடு திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் சொந்த லாரி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள். பெரும்பாலும் பென்சில்வேனியாவின் கார்லைல், ஹாரிஸ்பர்க் பகுதியோடு நின்றுவிடுவார்கள். கிடங்குகள் குவிந்து கிடக்கும் இடம் அது. அங்கிருந்து பாஸ்டன் இன்னும் 400 மைல். அதைக் காரில்தான் கடக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் சொல்ல முடியாது. ஓட்டுநருக்கு அடுத்த சரக்கு எது என்பது இந்தச் சரக்கை இறக்கும் நேரத்தில்தான் தெரியும். ‘வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பொருத்தமான லாரி அமைய ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அமைந்த பிறகு பயணம் வேகமானது: சட்டப்படி ஓட்டுநர் ஒரு பணி நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், பிறகு 10 மணி நேரம் ஓய்வு. எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது நிறுத்த வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுக் கருவி இதைக் கணக்கு வைக்கிறது, ஏமாற்றுவது கடினம். நாளைக்கு 550, 600 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரை அலுக்கவைக்கும் இந்த விதி நாய்க்கு வரம். உண்டு, உலாத்தி, இரவு முழுக்கத் தூங்கி வருகிற வேறு வண்டி எது?

மூன்றாவது, வெப்பம். ஓய்வுக்காக நிறுத்திய லாரியில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுவதற்குப் பல மாநிலங்களில் தடை உண்டு. கலிபோர்னியாவில் ஐந்து நிமிடம்தான் வரம்பு. அதனால் பல லாரிகளில் ஏசிக்கென்று தனிச் சிறு எஞ்சினோ பேட்டரி ஏற்பாடோ இருக்கும். ஓட்டுநர் குளிக்கப் போகும் முக்கால் மணி நேரம் ஜூலை மாதத்து லூயிசியானாவில் கேபின் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: எஞ்சினை அணைத்தால் ஏசி ஓடுமா? ஓடாது என்றால் கோடையில் வேண்டாம்.

இன்னும் சில, சுருக்கமாக. பெரிய நிறுவனங்களின் ஓட்டுநர் என்றால் விலங்கை ஏற்றிக்கொள்ள நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உணவுக் கிடங்கு, வேதித் தொழிற்சாலை, ராணுவ முகாம் போன்ற இடங்களில் வாயிலிலேயே விலங்குக்குத் தடை இருக்கலாம். கேபின் உயரம் ஓர் ஆள் நெஞ்சளவு, செங்குத்தான படிகள், இடுப்பு நோவுள்ள முப்பது கிலோ கிழட்டு நாயை நாளுக்கு ஆறு முறை தூக்கி இறக்க எந்த ஓட்டுநரிடமும் கேட்கக் கூடாது. காற்று பிரேக்கின் சீறல் சில நாய்களை முதல் நாள் நடுங்கவைக்கும், பிறகு பழகிவிடும்.

குட்டிகளை லாரியில் அனுப்பவே கூடாது என்பது என் கட்சி. காரணம் லாரி அல்ல, லாரி நிறுத்தத்துப் புல்வெளி. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் நாய்கள் ஒதுங்கும் இடம் அது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசிகளை முழுவதும் முடிக்காத மூன்று மாதக் குட்டியை அங்கே இறக்கிவிடுவது சூதாட்டம். பூனை என்றால் வேறு எச்சரிக்கை: கூண்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. ஓடும் லாரியில் பிரேக் மிதியின் அடியில் புகுந்த பூனை பூனைக்கு மட்டும் ஆபத்தல்ல.

கார்ச் சங்கிலிக்கு வருவோம். என் வேலையே இதில்தான் என்பதால் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒருங்கிணைப்பாளர் முழு வழியையும் 60 முதல் 80 மைல் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆள் பிடிக்கிறார். சனிக்கிழமை விடியலில் தொடங்கி, இரவில் யாரோ ஒருவர் வீட்டில் தங்கி, ஞாயிறு மாலை முடிகிறது. தேதி உறுதி. செலவு இல்லை, பெட்ரோல் ஓட்டுபவருடையது. (வரிக் கணக்கில் தொண்டுப் பயணத்துக்கு மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அந்த 14 சென்ட் 1998லிருந்து அப்படியே நிற்கிறது. பெட்ரோல் விலை நிற்கவில்லை.) ஒரே பயணத்தில் ஐந்தாறு விலங்குகள் போகலாம், ஒரு காப்பகத்துக்கு அது பெரிய உதவி.

ஆனால் 1,850 மைலை 75ஆல் வகுத்துப் பாருங்கள். இருபத்தைந்து பேர். இருபத்து நான்கு கைமாற்றம். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு துண்டில் பனி கொட்டினால், முழுச் சங்கிலியும் அந்த இடத்தில் நிற்கும். ஜார்ஜியாவிலிருந்து டென்னசிக்கோ, வர்ஜீனியாவிலிருந்து நியூ ஜெர்சிக்கோ என்றால் கார்ச் சங்கிலி அருமையான ஏற்பாடு. ஐநூறு மைலைத் தாண்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மனிதர்களோடு பழகிய, யார் கூப்பிட்டாலும் வாலாட்டும் நாய் தாங்கிக்கொள்ளும். கொடுமையிலிருந்து மீட்ட, கையை உயர்த்தினாலே தரையோடு படுத்துக்கொள்ளும் நாய்க்கு இது தண்டனை. எந்த நாயானாலும் இரண்டு கயிறு வேண்டும்: ஒன்று மார்புப் பட்டையில், இன்னொன்று இழுத்தால் இறுகும் கழுத்துக் கயிறு. புதியவர் இரண்டையும் கையில் சுற்றிக்கொண்ட பிறகுதான் பழையவர் விட வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள், ‘எனக்கு முப்பது வருடமாக நாய் தெரியும்’ என்று. அவர்களிடம் நாயைக் கொடுக்கவே யோசிப்பேன்.

சிறு விமானம் கேட்பதற்குக் கவர்ச்சியானது. ‘பைலட்ஸ் என் பாஸ்’ என்ற அமைப்பு 2008இல் தென் கரோலினாவில் தொடங்கியது. சொந்தமாகவோ வாடகைக்கோ விமானம் ஓட்டும் விமானிகளையும் விலங்கு மீட்பு அமைப்புகளையும் அது இணைக்கிறது. தனியார் உரிமம் வைத்திருக்கும் விமானி கூலி வாங்க முடியாது, ஆகவே எரிபொருள் அவர் செலவு. வார இறுதியில் பறப்பதற்கு நல்ல காரணம் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் விமானிகள் நிறைய. எஞ்சின் இரைச்சலில் நாய்கள் பெரும்பாலும் தூங்கிவிடுகின்றன. நான்கு இருக்கை செஸ்னாவில் எடை வரம்பு கறாரானது. பெரிய நாயும் கூண்டும் ஏறினால் பயணி ஏற முடியாது. தொலைவு கூடினால் விமானிகளும் கை மாற வேண்டும், இருந்தாலும் இருபத்தைந்து பேர் ஆறேழு பேராகச் சுருங்குவார்கள். மேகம் இறங்கினால் பயணம் ரத்து, அதை எதிர்த்து வாதாட வேண்டாம்; வானிலையைப் பார்த்து மறுக்கும் விமானிதான் நல்ல விமானி. மலைகளின் மீது போக வேண்டிய வழி என்றால், காற்றழுத்தம் கட்டுப்படுத்தாத அந்தச் சிறு கேபினில் இதய நோயுள்ள விலங்கை ஏற்ற வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லக்கூடும். கேட்டுவிடுங்கள்.

பெரிய விமான நிறுவனங்களின் சரக்குப் பகுதி எனக்குப் பிடிக்காத வழி. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில், தலைக்கு மேலுள்ள சாமான் அறையில் வைக்கப்பட்ட பிரெஞ்சு புல்டாக் குட்டி இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. அது சரக்குப் பகுதியில் நடந்ததல்ல என்றாலும், அதையொட்டி விதிகள் எல்லாப் பக்கமும் இறுகின. மூக்குச் சப்பையான பக், புல்டாக் இனங்களைப் பல நிறுவனங்கள் சரக்கில் ஏற்பதே இல்லை. அவற்றுக்கு மூச்சுவிடுவதே பாடு. கோடையில் ஓடுதளத்தின் வெப்பம், குளிர்காலத்தில் உறைபனி, இரண்டுக்கும் தடை உண்டு. மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு மருத்துவர்களின் பொதுவான பதில் வேண்டாம் என்பதே. ஆனால் ஒரு விதிவிலக்கு: பூனை. அந்த ஊரிலிருந்து யாராவது வருகிறார் என்றால், இருக்கைக்கு அடியில் வைக்கும் பையில் பூனையை எடுத்துவரலாம். நூறு முதல் நூற்றைம்பது டாலருக்குள் முடியும். ஐந்து மணி நேரம், ஒரே கை. பூனைக்கு லாரியைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

பணம் வாங்கும் வேன்கள் இரண்டு வகை. தெற்குக் காப்பகங்களிலிருந்து ஐம்பது, அறுபது நாய்களை ஒரே வண்டியில் ஏற்றி, வழி நெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடும்பங்களிடம் இறக்கிக்கொண்டே போவது ஒன்று. உங்கள் நாயை மட்டும் தனியாக ஏற்றுவது இன்னொன்று. இதற்கு ஆயிரம் டாலரைத் தாண்டலாம், முன்னதற்குச் சில நூறு. பணம் வாங்குகிற காரணத்தால் இவர்கள் கூட்டரசின் விலங்கு நலச் சட்டத்துக்குள் வருகிறார்கள். வேளாண்மைத் துறையில் பதிவு வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை ஏற்றக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது விலங்குகளைப் பார்க்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு, 16 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. வண்டிக்குள் வெப்பம் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 29.5 செல்சியஸ். தன்னார்வலர்களுக்கு இந்தச் சட்டத்தின் பிடி இல்லை. கவனியுங்கள், கூலி வாங்காதவர் நல்லவர், அவரை யாரும் சோதிப்பதில்லை. கூலி வாங்குபவரைச் சோதிக்க ஆள் உண்டு. இது வேனுக்கு ஆதரவான உண்மையான வாதம், தன்னார்வத்தின் மேல் காதல் கொண்டவர்கள் இதைப் பேச விரும்புவதில்லை.

எதிர்வாதமும் உண்டு. அறுபது நாய் ஒரே காற்றைச் சுவாசிக்கிறது. 2015இல் சிகாகோவில் நாய்க்காய்ச்சல் பரவியபோது, நெருக்கமாக நாய்கள் கூடும் இடங்களில் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று எல்லோரும் பார்த்தார்கள். வேனில் அனுப்பும் அமைப்பு, ஏற்றுவதற்கு முன் இரண்டு வாரமாவது நாயைத் தனியே வைத்திருந்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விலகுங்கள். இந்தத் தொழிலில் மோசடியும் ஏராளம்: நாயே இல்லாமல் படம் மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் போக்குவரத்துக் கட்டணம், பிறகு ‘காப்பீடு’, பிறகு ‘குளிரூட்டிய கூண்டு’ என்று பணம் கறப்பவர்கள். பதிவு எண்ணைக் கேட்டு வேளாண்மைத் துறையின் இணையப் பட்டியலில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பரிசு அட்டையாகப் பணம் கேட்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

நீங்களே போய் அழைத்து வருவதைப் பலரும் செலவைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவழி விமான டிக்கெட், வாடகைக் கார், இரண்டு மூன்று இரவு விடுதி, விடுமுறை நாட்கள். எல்லாம் சேர்த்தால் தனி வேனின் கட்டணத்தைத் தொட்டுவிடும். ஆனால் கை மாற்றம் ஒன்றே ஒன்று. அதைவிடப் பெரிய லாபம், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாயை நேரில் பார்க்கிறீர்கள். படத்தில் சாதுவாக இருந்த நாய் உங்கள் ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்து உறுமினால், ஹூஸ்டனிலேயே தெரிந்துவிடும். விடுமுறை கிடைக்கிறவர்கள் இதை யோசிக்காமல் விடுவது எனக்குப் புரிவதில்லை.

எந்த வழியானாலும் தாள்கள் ஒன்றுதான். மாநிலம் தாண்டும் நாய்க்குக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அது 30 நாளுக்குச் செல்லும், விமான நிறுவனங்கள் பல 10 நாள்தான் என்கின்றன. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி. தெற்கு நாய் என்றால் இதயப்புழுப் பரிசோதனை. கொசு பரப்பும் நோய் அது, ஹூஸ்டனில் கொசுவுக்கு ஓய்வே கிடையாது. சிகிச்சையில் இருக்கும் நாய் மாதக்கணக்கில் ஓடியாடாமல் அடங்கி இருக்க வேண்டும். அந்த நாய்க்கும் லாரிக் கேபின் மோசமில்லை, ஊசி போட்ட உடனே அனுப்பாமல் இருந்தால் சரி. வந்து சேரும் மாநிலத்துக்கும் விதிகள் உண்டு. 2005லிருந்து மாசசூசெட்ஸில், வெளிமாநில நாயைக் கொண்டுவரும் மீட்பு அமைப்பு அதை அரசு அனுமதி பெற்ற இடத்தில் 48 மணி நேரம் தனியே வைத்து மருத்துவரிடம் காட்டிய பிறகே குடும்பத்திடம் தர வேண்டும். கனெக்டிகட்டில் வந்த 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். ‘நேராக வீட்டு வாசலிலேயே விடுகிறோம்’ என்று ஒரு மாசசூசெட்ஸ் குடும்பத்திடம் எந்த அமைப்பாவது சொன்னால், அந்த அமைப்பின் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகிக்கலாம்.

பேரிடர் நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2018இல் ஃபுளோரன்ஸ் புயல் தென் கரோலினாவை நெருங்கியபோது, டென்னசியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பழைய பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டுபோய், காப்பகங்களில் மிஞ்சிய 53 நாய்களையும் 11 பூனைகளையும் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். தண்ணீர் வருகிறபோது ஏற்றிக்கொள்ள யார் வருகிறாரோ அவர்தான் சிறந்த வழி.

சாதாரண நாளில், நம் ஹூஸ்டன் நாய்க்கு இரண்டு வயது, இருபது கிலோ, ஆள் பயம் உண்டு, அவசரமில்லை என்று வைத்துக்கொண்டால் என் தேர்வு லாரிதான். ஹூஸ்டனிலிருந்து பர்மிங்ஹாம், சட்டனூகா, நாக்ஸ்வில் வழியாக 81ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து கார்லைல் வரை ஒரே ஓட்டுநரோடு மூன்று நாள். அங்கிருந்து பாஸ்டன் பக்கத்துத் தனிமைப்படுத்தும் இடத்துக்கு இரண்டு கார்கள். கார்லைலில் ஏற்றிக்கொள்ளப் போகிறவர் காரில் கூண்டோடு போக வேண்டும். நாய்க்குக் கயிறு மாட்டுவது லாரிக் கதவு மூடியிருக்கும்போதே நடக்க வேண்டும். லாரி உறுதியாகும்வரை சான்றிதழை எழுத வேண்டாம், 30 நாள் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். மூன்று நான்கு வாரம் பார்த்தும் லாரி அமையவில்லையென்றால், அல்லது ஜூலை ஆகஸ்டாக இருந்து நிறுத்திய லாரியில் ஏசி ஓடாது என்றால், பதிவுள்ள வேனுக்குப் பணத்தைக் கட்டிவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் அந்த நாய் ஹூஸ்டனில் ஒரு கூண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கூண்டுக்கு வெளியே இன்னொரு நாய் வரிசையில் நிற்கிறது.